தேவகோட்டை ரஸ்தா கொட்டகை

(நம் சங்கத்தின் ஆண்டுப் பொதுக்குழுக் கூட்டத்தில் பேசியது. அன்று வர முடியாதவர்களுக்காக எழுதித் தரும்படி செயலாளர் கேட்டுக்கொண்டார். பேசும்போது விட்டுப்போன சிலவற்றையும் சேர்த்திருக்கிறேன்.)



வரவு செலவு அறிக்கை வாசித்து முடித்த பிறகு மைக்கை வாங்குகிறவன் சீக்கிரம் முடிக்க வேண்டும் என்பது எனக்குத் தெரியும். வங்கியில் கிளார்க்காகவே சேர்ந்து கிளார்க்காகவே ஓய்வு பெற்றவன் நான். கவுண்டருக்கு முன்னால் நிற்பவரின் முகத்தைப் பார்த்தே அவருக்கு எவ்வளவு பொறுமை மிச்சம் இருக்கிறது என்று சொல்லிவிடுவேன். இப்போது உங்கள் முகங்களில் சமையல்காரர் வந்துவிட்டாரா என்ற கேள்வி தெரிகிறது. அவர் வந்துவிட்டார். சாம்பார் கொதிக்க இன்னும் அரை மணி ஆகுமாம். அந்த அரை மணியைத்தான் எனக்குக் கொடுத்திருக்கிறார்கள்.

போன பொங்கல் விளையாட்டுப் போட்டியின்போது பிள்ளைகளுக்கு வினாடி வினா நடத்தினேன், நினைவிருக்கும். அதில் ஒரு கேள்வி: ஏவி.எம். ஸ்டூடியோ எந்த ஊரில் இருந்தது? பத்துக் கைகள் உயர்ந்தன. சென்னை என்றார்கள். ஒரு பையன் வடபழனி என்று இடத்தையே சொன்னான். "அதற்கு முன்னால் எந்த ஊரில் இருந்தது?" என்று அடுத்த கேள்வியைக் கேட்டேன். ஒரு கையும் எழவில்லை. பின்வரிசையில் உட்கார்ந்திருந்த பெற்றோர்களைப் பார்த்தேன். அங்கேயும் எழவில்லை. கடைசியில் ஒரு அம்மா, "நம்ம ஊரா சார்?" என்று கேட்டார்கள். அதுவும் என் முகத்தைப் பார்த்து ஊகித்த பதில்.

நம்ம ஊர்தான். இங்கிருந்து தேவகோட்டை ரஸ்தாவுக்கு டவுன் பஸ்ஸில் பத்து நிமிடம். அந்த இடத்தில்தான் ஏவி.எம். ஸ்டூடியோ என்று ஒன்று முதன்முதலாக நடந்தது. இந்தியா சுதந்திரம் அடைந்த சமயத்தில் தமிழ்நாட்டையே கலக்கிய ஒரு படம் அங்கே ஒரு கொட்டகைக்குள் எடுக்கப்பட்டது.

உங்களைக் குறை சொல்வதற்கு முன்னால் என் பிழையையும் ஒப்புக்கொள்கிறேன். இருபது வருடமாக நான் எல்லோரிடமும் 'பராசக்தி' நம் ஊரில் எடுத்த படம் என்று சொல்லிக்கொண்டிருந்தேன். வங்கியில் மதிய சாப்பாட்டு நேரத்தில் சத்தியம் செய்யாத குறையாகச் சொல்லியிருக்கிறேன். அது தவறு. 'பராசக்தி' 1952இல் வந்த படம். அதற்கு நான்கு வருடம் முன்பே ஸ்டூடியோ சென்னைக்குப் போய்விட்டது. நம் ஊருக்கு உரிய படம் 'நாம் இருவர்'. அதன் பிறகு 'வேதாள உலகம்'. என் பேச்சை நம்பி யாராவது எங்காவது பந்தயம் கட்டித் தோற்றிருந்தால் மன்னிக்கவும்.

முதலில் ஆளைப் பற்றிச் சொல்கிறேன். ஏ.வி. மெய்யப்பன் 1907ஆம் ஆண்டு ஜூலை 28 அன்று காரைக்குடியில் பிறந்தவர். அப்பா ஆவிச்சி செட்டியார். 'ஏவி அண்ட் சன்ஸ்' என்று இங்கே அவர்களுக்கு ஒரு கடை இருந்தது. அந்தக் கடையில் கிராமபோன் தட்டுகளும் விற்றார்கள். தட்டு விற்கிற பையனுக்கு, நாமே தட்டு போட்டால் என்ன என்று தோன்றியிருக்கிறது. 1932இல் சென்னைக்குப் போய்க் கூட்டாளிகளோடு சரஸ்வதி ஸ்டோர்ஸ் தொடங்கினார். தட்டிலிருந்து படத்துக்குப் போனார். 1935இல் 'அல்லி அர்ஜுனா', பிறகு 'ரத்னாவளி'. இரண்டும் ஓடவில்லை. 1938இல் 'நந்தகுமார்'. நடிகைக்காக வேறொருவர் பாடுவது என்ற ஏற்பாட்டைத் தமிழில் முதலில் செய்து பார்த்தது அந்தப் படத்தில்தான். டி.ஆர். மகாலிங்கம் அறிமுகமானதும் அதில்தான். 1941இல் 'சபாபதி'. அது இன்றைக்கும் சிரிக்க வைக்கிற படம். 1944இல் 'அரிச்சந்திரா' என்ற கன்னடப் படத்துக்குத் தமிழில் குரல் கொடுத்து வெளியிட்டார். இன்று நாம் டப்பிங் என்று அலட்சியமாகச் சொல்கிற வேலையைத் தென்னாட்டில் முதலில் செய்தது அவர்தான்.

அதுவரை மற்றவர்களோடு பங்கு சேர்ந்து. 1945 கடைசியில்தான் தன் பெயரில் 'ஏவி.எம். புரொடக்‌ஷன்ஸ்' தொடங்கினார். பெயர் சென்னையில் பதிவாகிவிட்டது. ஸ்டூடியோ வைக்க வேண்டும். அங்கேதான் சிக்கல்.

அது யுத்தம் அப்போதுதான் முடிந்த காலம். எதற்கும் தட்டுப்பாடு. பிலிம் கிடைக்காததால் ஒரு படம் 11,000 அடிக்கு மேல் இருக்கக்கூடாது என்று 1943இல் வெள்ளைக்கார அரசு உத்தரவே போட்டிருந்தது. அரிசிக்கு ரேஷன், மண்ணெண்ணெய்க்கு ரேஷன். மின்சாரத்துக்கும் அதே கதிதான். சினிமா ஸ்டூடியோ என்றால் பெரிய பெரிய விளக்குகள் நாள் முழுக்க எரிய வேண்டும். சென்னையில் புது ஸ்டூடியோவுக்கு அவ்வளவு மின்சார இணைப்பு கிடைக்கவில்லை. மனிதர் என்ன செய்தார் என்றால், மின்சாரம் இருக்கிற இடம் எது என்று தேடினார். தேடிப் பார்த்தால் சொந்த ஊர்.

இந்த இடத்தில் கூட்டத்தில் சிரிப்பு எழுந்தது. மாதம் ஒரு நாள் பராமரிப்புக்கு மின்தடை என்று வாட்ஸ்அப்பில் செய்தி போடுபவரே நம் செயலாளர்தானே! ஆனால் அன்றைய நிலை அதுதான். சென்னையில் கிடைக்காத மின்சாரம் காரைக்குடியில் கிடைத்தது.

தேவகோட்டை ரஸ்தாவில் ஒரு நாடகக் கொட்டகை இருந்தது. இடம் தேவகோட்டை ஜமீன்தாருடையது. அதை வாடகைக்கு எடுத்தார். ரயில் நிலையம் பக்கத்தில். சென்னையிலிருந்து வருகிற நடிகர்கள் இரவு ரயில் ஏறினால் காலையில் இறங்கிவிடலாம். நாடகக் கொட்டகையைச் சுற்றிக் கூரைக் கொட்டகைகள் போட்டார்கள். ஆட்கள் தங்குவதற்கும் அங்கேயே இடம். ஒரு சிறு கிராமம் மாதிரி ஆகிவிட்டது.

இதைக் கேட்கும் பிள்ளைகளுக்குக் கொட்டகை என்றால் என்னவென்று தெரியாது. அதனால் கொஞ்சம் சொல்ல வேண்டும். கொட்டகை என்பது கட்டடம் இல்லை. சவுக்கு, பனைமரக் கால்கள், மேலே கீற்று, பக்கத்தில் தட்டி. நாடகக் கொட்டகையும் அப்படித்தான், என் சின்ன வயதில் சினிமாக் கொட்டகையும் அப்படித்தான். டூரிங் டாக்கீஸ் என்பார்கள். 1905இல் சாமிக்கண்ணு வின்சென்ட் என்ற ரயில்வே ஊழியர் திருச்சியில் ஒரு பிரெஞ்சுக்காரரிடம் படம் காட்டும் கருவியை வாங்கிக்கொண்டு ஊர் ஊராகப் போய்க் காட்டினாரே, அவரிலிருந்து வருகிற மரபு. கருவி ஒன்றுதான் இருக்கும். அதனால் ஒவ்வொரு ரீல் முடியும்போதும் படம் நிற்கும். ஒரு படத்துக்கு மூன்று இடைவேளை. மணலைக் குவித்து உட்கார்ந்தால் அது பால்கனி. பின்னால் இருப்பவர் திட்டினால் மணலைத் தட்டிவிட்டால் தரை டிக்கெட். லைசென்ஸ் குறிப்பிட்ட காலத்துக்குத்தான். காலம் முடிந்ததும் கீற்றைப் பிரித்துக் கால்களைப் பிடுங்கி வண்டியில் ஏற்றிவிடுவார்கள். மறுநாள் போய்ப் பார்த்தால் கால் ஊன்றிய குழிகள் இருக்கும். ஒரு மழை பெய்தால் அதுவும் இருக்காது.

அரண்மனை மாதிரி வீடு கட்டி நூறு வருடம் நிற்க வைத்த ஊர் இது. சுவருக்கு முட்டை வெள்ளைக்கரு, தூணுக்குப் பர்மா தேக்கு, தரைக்கு ஆத்தங்குடிக் கல். அந்த ஊரில் சினிமா மட்டும் கீற்றுக்குள் நடந்தது. அதனால்தான் அது வந்த சுவடும் இல்லை, போன சுவடும் இல்லை.

சரி, 'நாம் இருவர்'. ப. நீலகண்டன் எழுதிய 'தியாக உள்ளம்' என்ற நாடகம் அப்போது மேடையில் நன்றாக நடந்துகொண்டிருந்தது. ஏவி.எம். அதை வாங்கிப் படமாக்கினார். தானே இயக்கினார். நாடகக் கொட்டகை இருந்த இடத்தில் நாடகத்தையே சினிமாவாக எடுத்தார்கள். டி.ஆர். மகாலிங்கம், டி.ஏ. ஜெயலட்சுமி, பி.ஆர். பந்துலு, டி.ஆர். ராமச்சந்திரன், கே. சாரங்கபாணி எல்லோரும் நடித்தார்கள். வி.கே. ராமசாமிக்கு அதுதான் முதல் படம். அப்போது அவருக்கு வயது இருபதைத் தாண்டியதுதான். போட்ட வேஷம் அறுபது வயதுக் கிழவர். அதற்குப் பிறகு ஐம்பது வருடம் அவர் கிழவராகவே நடித்தார். அந்தக் கிழவர் சினிமாவுக்குப் பிறந்தது நம் ரஸ்தாவில்.

படம் பாரதி விழாவில் தொடங்கி காந்தியின் 77ஆவது பிறந்த நாள் விழாவில் முடிகிறது. நடுவில் கள்ளச்சந்தை, பதுக்கல், குடும்பச் சண்டை, காதல். ஆர். சுதர்சனம் இசை. பாரதியின் பாட்டுகளை டி.கே. பட்டம்மாள் பாடினார். குமாரி கமலா என்ற சின்னப் பெண் ஆடினார். 1947 பொங்கலை ஒட்டிப் படம் வெளிவந்தது. சுதந்திரத்துக்கு இன்னும் ஏழு மாதம் இருந்தது. அதற்குள் சுதந்திரம் கிடைத்துவிட்டதாகவே பாரதி எழுதிவைத்த பாட்டைத் திரையில் பாடி ஆடினார்கள். ஆகஸ்டில் உண்மையாகவே கிடைத்தபோது ஜனங்களின் வாயில் பாட்டு தயாராக இருந்தது.

இதில் வணிகவியல் படித்தவனாக எனக்குப் பிடித்த ஒரு விஷயம் உண்டு. பாரதி 1921இல் காலமாகும்போது குடும்பத்துக்கு ஒன்றும் மிஞ்சவில்லை. பிற்பாடு அவருடைய பாட்டுகளைத் தட்டில் பதிவு செய்யும் உரிமை ஜெய்சிங்லால் மேத்தா என்ற வியாபாரியின் கைக்குப் போனது. அவரிடமிருந்து ஏவி.எம். அந்த உரிமையை ஏறக்குறைய பத்தாயிரம் ரூபாய்க்கு வாங்கினார். 1946இல் பத்தாயிரம் என்றால் எவ்வளவு என்று உங்கள் வீட்டுப் பெரியவர்களைக் கேளுங்கள். வாங்கியவர் சும்மா இருப்பாரா? டி.கே.எஸ். சகோதரர்களின் 'பில்ஹணன்' படத்தில் ஒரு பாரதி பாட்டு வந்ததும் என் உரிமை என்று ஆட்சேபித்தார். எழுத்தாளர்களும் அறிஞர்களும் கொதித்துப் போனார்கள். பாரதி ஒரு முதலாளியின் சொத்தா என்று ஊர் ஊராகக் கூட்டம். கடைசியில் 1949இல் சென்னை மாகாண அரசு பாரதியின் படைப்புகளை அரசுடைமை ஆக்கியது. ஏவி.எம். தன்னிடம் இருந்ததைப் பணம் எதுவும் வாங்காமல் கொடுத்துவிட்டார். 1955இல் அரசு அதை மக்கள் எல்லோருக்கும் பொதுவாக்கிவிட்டது.

ஆட்சேபித்தது சரியா என்று கேட்டால், காசு கொடுத்து வாங்கியவர் கேட்பது வியாபாரத்தில் நியாயம்தான். கொடுத்துவிட்டது சரியா என்று கேட்டால், அது அதைவிடப் பெரிய நியாயம். கணக்குப் புத்தகத்தில் பத்தாயிரம் ரூபாய் சொத்தை ஒரே நாளில் பூஜ்யம் ஆக்குவது லேசு இல்லை. நம் ஆண்டு விழாவில் பிள்ளைகள் பாரதி பாட்டுக்கு ஆடுகிறார்கள். யாரிடமும் அனுமதி கேட்பதில்லை. அந்தக் கணக்கில் நம் ரஸ்தா கொட்டகைக்கும் ஒரு வரி இருக்கிறது.

இவ்வளவும் புத்தகத்தில் படிக்கலாம். புத்தகத்தில் இல்லாத ஒன்றைச் சொல்லத்தான் நான் மைக்கை வாங்கினேன்.

எங்கள் குடும்பம் தச்சுக் குடும்பம். ஐயா, அதாவது அப்பாவின் அப்பா, ரங்கூனில் ஒரு மரக்கடையில் வேலை பார்த்தார். 1941 டிசம்பரில் ஜப்பான்காரன் ரங்கூனில் குண்டு போட்டான். இந்தியர்கள் லட்சக்கணக்கில் நடந்தே கிளம்பினார்கள். ஐயாவும் கிளம்பினார் என்று கூட இருந்தவர் வந்து சொன்னார். அந்தக் கூட்டத்தில் நம் பக்கத்து ஆட்கள் சிலர் வந்து சேர்ந்தார்கள். ஐயா வரவில்லை. அப்பத்தா சாகும்வரை பொட்டு வைத்துக்கொண்டே இருந்தார்கள். யாரும் எடுக்கச் சொல்லவில்லை.

பெரியப்பாவுக்கு அப்போது பதினெட்டு வயது. உளியைக் கையில் எடுத்தார். யுத்த காலத்தில் யார் வீடு கட்டுகிறார்கள்? பர்மாவிலிருந்து பணம் வருவது நின்றுபோனதும் செட்டிநாட்டில் வேலையும் நின்றுபோனது. பாதியில் நின்ற வீடுகள் இருந்தன. பழைய கதவுக்குக் கீல் மாற்றுவது, தொட்டில் செய்வது, பாடை கட்டுவதுகூட. அப்படி இருக்கும்போது 1946இல் ரஸ்தாவில் சினிமாக் கம்பெனி வந்திருக்கிறது, தச்சர்கள் வேண்டுமாம் என்று செய்தி வந்தது. பெரியப்பா போனார். மேஸ்திரி ஒருவருக்குக் கீழே நாள் கூலி.

முதல் வேலை ஒரு கதவு. பெரியப்பா வழக்கம்போல மரத்தைத் தட்டிப் பார்த்து, இழைப்புளி போட்டு, சந்து தெரியாமல் இணைத்து, மூன்று நாள் ஆகும் என்று சொல்லியிருக்கிறார். மேஸ்திரி சிரித்துவிட்டாராம். "இன்னைக்கு சாயங்காலம் வேணும்ப்பா. கேமராவுக்கு எடை தெரியாது" என்றாராம். பெட்டி மரச் சட்டம், முன்பக்கம் மட்டும் பலகை, அதன்மேல் தேக்கு மாதிரி சாயம். பின்பக்கம் ஒன்றும் கிடையாது. அந்தக் கதவு எந்த வீட்டுக்குள்ளும் போகாது. திறந்தால் அந்தப் பக்கம் சாக்குப் படுதாவும் வயர்களும் இருக்கும். படம் பிடித்து முடிந்ததும் பிரித்து, அதே சட்டத்தில் ஜன்னல் செய்வார்கள். நிலைக்கதவு வைக்கும்போது நாள் பார்த்துப் பூஜை போட்டுக் கையெடுத்துக் கும்பிட்டுப் பழகிய மனிதருக்கு இது பாவம் மாதிரி இருந்திருக்கிறது. ஒரு வாரத்துக்கு வீட்டில் யாரிடமும் சொல்லவில்லையாம்.

நான் இதையெல்லாம் கேட்டது பத்து வயதில். 'நாம் இருவர்' டூரிங் கொட்டகையில் மறுபடி வந்திருந்தது. பெரியப்பா என்னைக் கூட்டிக்கொண்டு போனார். நான் பாட்டையும் சண்டையையும் பார்க்கிறேன். அவர் என் காதில், "டேய் தம்பி, அந்தா அந்தக் கதவப் பாரு. அது நான் போட்டது" என்கிறார். அடுத்த காட்சியில், "இது மேஸ்திரி போட்டது. கீழ பாரு, சந்து தெரியும்." மகாலிங்கம் பாடிக்கொண்டிருக்கிறார். பெரியப்பா, "நகருய்யா, கதவ மறைக்கிறே" என்று திரையைப் பார்த்துச் சொல்கிறார். பக்கத்தில் இருந்தவர்கள் எல்லாம் திரும்பிப் பார்த்தார்கள். எனக்கு மானம் போயிற்று. இனிமேல் உங்களோடு படத்துக்கு வரமாட்டேன் என்று வழியில் சொன்னேன். அவர் பதில் பேசாமல் சைக்கிளை மிதித்தார்.

கொட்டகை இரண்டு வருடத்துக்குக் கொஞ்சம் கூடுதலாக இருந்திருக்கும். 'வேதாள உலகம்' பம்மல் சம்பந்த முதலியார் நாடகம். அது 1948இல் வெளிவந்தது. அந்த வருடமே கோடம்பாக்கத்தில் இடம் தயாராகிவிட்டது. கம்பெனி கிளம்பிவிட்டது. ஏன் போனார்கள் என்று எங்கள் பக்கத்தில் பல கதை சொல்வார்கள். கண்ணேறு பட்டது என்பார்கள். எனக்குத் தெரிந்தது கணக்குதான். நடிகர், இசைக்காரர், பிலிம், விநியோகஸ்தர் எல்லாம் சென்னையில். ஒவ்வொன்றையும் நானூறு கிலோமீட்டருக்கு மேல் மீட்டர்கேஜ் ரயிலில் ஏற்றி வர வேண்டும். ஒருவருக்குக் காய்ச்சல் வந்தால் மற்ற எல்லோருக்கும் சாப்பாடு போட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டும். மின்சாரம் என்ற ஒன்றுக்காக இவ்வளவு செலவையும் தாங்கினார்கள். அந்த ஒன்று சென்னையிலேயே கிடைத்த பிறகு இங்கே இருக்க வியாபாரத்தில் காரணம் இல்லை. ஊர்ப்பாசத்துக்கு லெட்ஜரில் பத்தி கிடையாது. எங்கள் மேலாளர் ஒருவர் அடிக்கடி சொல்வார், கிளையைத் திறப்பதும் மூடுவதும் ஒரே கணக்குதான் என்று. அவர் சொன்னபோதெல்லாம் எனக்குக் கோபம் வரும். ஆனாலும் சரிதான்.

மேஸ்திரி பெரியப்பாவையும் கூப்பிட்டார். "பட்டணத்துக்கு வா. மாசச் சம்பளம். இருபத்தஞ்சு வயசுக்குள்ள நீயே மேஸ்திரி ஆயிருவே" என்றாராம். பெரியப்பா பெட்டியெல்லாம் கட்டிவிட்டார். ரஸ்தா ஸ்டேஷனில் ரயில். அப்பத்தா வாசலில் உட்கார்ந்துவிட்டார்கள். அழவில்லை, கத்தவில்லை. "உங்க அய்யாவும் ரயிலேறித்தான் போனாக" என்று ஒரே ஒரு வார்த்தை. பெரியப்பா உளிப்பெட்டியை உள்ளே கொண்டுபோய் வைத்தார். அதை அவர் எனக்குச் சொல்லும்போது, அப்பத்தா மேல் கோபமாகச் சொல்லவில்லை. கோபம் இல்லாமலும் சொல்லவில்லை.

அந்த வருடத்தில் இன்னொன்றும் நடந்தது. 1947இல் டாக்டர் அழகப்பச் செட்டியார் இங்கே காந்தி மாளிகையில் கல்லூரி தொடங்கினார். 1948 ஜூலை 25 அன்று ஜவாஹர்லால் நேரு வந்து மின்வேதியியல் ஆய்வகத்துக்கு, இன்று நாம் சிக்ரி என்கிறோமே, அதற்கு அடிக்கல் நாட்டினார். அழகப்பர் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுத்தார். காரைக்குடிக்காரர் ஒருவர் ஒரு தொழிலை இங்கிருந்து பெயர்த்துக்கொண்டு போன அதே வருடம், அடுத்த ஊர்க்காரர் ஒருவர் இங்கே கல் ஊன்றினார். இருவரையும் வைத்து ஒப்பிட்டுப் பேசுபவர்கள் உண்டு. எனக்கு அதில் சம்மதம் இல்லை. ஒருவர் செய்தது வியாபாரம், இன்னொருவர் செய்தது தானம். லாபநஷ்டக் கணக்கையும் தர்மக் கணக்கையும் ஒரே தாளில் எழுதக்கூடாது என்பது முதல் வருடப் பாடம். அந்தப் பாடத்தை நான் படித்ததும் அழகப்பர் கல்லூரியில்தான்.

கல்லூரி வந்ததால் பெஞ்சு, மேசை, கரும்பலகை என்று பெரியப்பாவுக்கு வேலை கிடைத்தது. நான் பி.காம். சேர்ந்தபோது, "நீ உக்காந்திருக்கிறது நான் போட்ட பெஞ்சா இருக்கும்டா" என்றார். எந்த பெஞ்சு என்று கேட்டேன். அவருக்கே தெரியவில்லை. கனமாக இருந்தால் தன்னுடையது என்றார்.

வங்கியில் சேர்ந்த புதிதில் ஒரு ஞாயிற்றுக்கிழமை அவரை ஸ்கூட்டரில் வைத்து ரஸ்தாவுக்குக் கூட்டிக்கொண்டு போனேன். கொட்டகை எங்கே இருந்தது என்று காட்டுங்கள் என்றேன். ஸ்டேஷனில் நின்று கையை நீட்டினார். பத்தடி நடந்து வேறு பக்கம் நீட்டினார். ஒரு புளியமரத்தைத் தேடினார். அது இல்லை. "இங்கதான் எங்கயோ" என்றார். வெயில் ஏறிவிட்டது. ஒரு டீ குடித்துவிட்டுத் திரும்பிவிட்டோம். நான் ஒரு நோட்டுப் புத்தகம் கொண்டுபோயிருக்கலாம். ஒரு கேமரா இரவல் வாங்கியிருக்கலாம். மேஸ்திரியின் பெயரையாவது கேட்டிருக்கலாம். ஆயிரக்கணக்கான பேருக்குக் கணக்கு எழுதியவன், இந்த ஒரு கணக்கை எழுதவில்லை. பெரியப்பா 1994இல் போய்ச் சேர்ந்தார்.

இப்போது நம் பக்கத்துக்குச் சினிமாக்காரர்கள் வந்தபடிதான் இருக்கிறார்கள். பெரிய வீட்டை வாடகைக்கு எடுத்து, நிஜமான தேக்குக் கதவுக்கு முன்னால் நிற்க வைத்துப் படம் பிடிக்கிறார்கள். மின்சாரத்துக்கு ஜெனரேட்டர் வேனைக் கையோடு கொண்டுவருகிறார்கள். வேலை முடிந்ததும் போய்விடுகிறார்கள். போன மாதம் ஒரு நாள் பேரனின் போனில் 'நாம் இருவர்' பார்த்தோம். அவன் பத்து நிமிடத்தில் எழுந்து போய்விட்டான். நான் கதவு வருகிற இடமெல்லாம் நிறுத்தி நிறுத்திப் பார்த்தேன். இரண்டு கதவுகளில் கீழே சந்து தெரிகிறது. அவை மேஸ்திரி போட்டவையாக இருக்க வேண்டும்.

இனி நான் கேட்க வந்தது. நம் நகரில் நூற்றுக்கும் மேற்பட்ட வீடுகள். பாதிக்கு மேல் இந்தப் பக்கத்துப் பூர்வீகம். உங்கள் வீட்டுப் பரணில், பெட்டியில், சாமி படத்துக்குப் பின்னால், ரஸ்தா கொட்டகை சம்பந்தமாக எதுவும் இருக்கலாம். ஒரு போட்டோ, நோட்டீஸ், பாட்டுப் புத்தகம், கூலிச் சீட்டு, அங்கே சமைத்த, வண்டி ஓட்டிய, தண்ணீர் சுமந்த ஒருவரின் பெயர். எண்பது வயதைத் தாண்டிய ஆச்சியோ அப்பத்தாவோ வீட்டில் இருந்தால், சின்னப் பிள்ளையாக வேடிக்கை பார்க்கப் போனீர்களா என்று ஒரு வார்த்தை கேளுங்கள். சொல்வதைப் போனில் பதிவு செய்துகொள்ளுங்கள். இன்றைக்கே கேளுங்கள். நான் நாளைக்குக் கேட்கலாம் என்று இருந்தவன்.

ஞாயிற்றுக்கிழமை மாலை ஐந்து முதல் ஏழு வரை சங்க அலுவலகத்தில் இருப்பேன். கொண்டுவருவதைப் படம் எடுத்துக்கொண்டு கையோடு திருப்பித் தந்துவிடுகிறேன். ரசீதும் போட்டுத் தருவேன், பழக்க தோஷம். வருகிறவற்றை அடுத்த இதழில் வெளியிடச் செயலாளர் ஒப்புக்கொண்டிருக்கிறார். பிரதான சாலை முனையில் நாம் வைக்கப்போகும் அறிவிப்புப் பலகையில் ஒரு ஓரத்தில் இரண்டு வரி எழுதுவதற்கும் தீர்மானம் கொண்டுவந்திருக்கிறேன். அதை முன்மொழிகிறேன். வழிமொழிய ஒருவர் வேண்டும்.

சாம்பார் கொதித்துவிட்டது என்று கை காட்டுகிறார்கள்.